எலும்புச் சீழ்ப்புண்: சிமென்ட் மணியா, கரையும் மணியா?

செத்த எலும்பையும் சதையையும் ரத்தம் கசியும் வரை சுரண்டி எடுக்காவிட்டால், மருந்து கலந்த சிமென்ட் மணி, கரையும் மணி இரண்டுமே வீண். கேள்வி, மிஞ்சும் குழியை எதால் நிரப்புவது என்பதுதான்.

எலும்பு சிமென்டில் 40 கிராம் பொடிக்கு 2 முதல் 4 கிராம் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சேர்ப்பார்கள். இறுகும்போது சிமென்ட் மிகவும் சூடாகும், அதனால் சூடு தாங்கும் மருந்துதான் ஆகும். கம்பியில் கோத்த மணிகளை எண்ணிக் குறித்துவையுங்கள், திரும்பத் திறந்து எடுக்க வேண்டும். மருந்தின் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடும். பிறகு அந்தச் சிமென்டின் மேலேயே கிருமிப்படலம் படியலாம்.

கால்சியம் சல்பேட் மணி சில வாரங்களில் தானே கரையும். ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லியைக் கலந்தால் மாவு இறுகத் தாமதமாகும், பொறுக்க வேண்டும். காயத்திலிருந்து தெளிநீர் வடியும். காய்ச்சலும் சிவப்பும் இல்லையென்றால் சீழென்று பதறவேண்டாம். அதிகம் வைத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறக்கூடும்.

சிறு குழிக்குக் கரையும் மணியே மேல், இன்னோர் அறுவை மிச்சம். எலும்பில் ஒரு துண்டே இல்லாமல் போன இடத்துக்குச் சிமென்ட்தான். அதைச் சுற்றி 6 முதல் 8 வாரத்தில் வளரும் சவ்வுக்குள், சிமென்டை எடுத்துவிட்டு, பிறகு எலும்புத்தூள் வைக்கலாம்.