கொண்டலா, செங்கொடியா?

1958-இல் சீனாவின் சாங்சுன் ஆலையில் பிறந்தவை டோங்ஃபெங் சிஏ71, ஹோங்ச்சி சிஏ72 என்ற கார்கள் இரண்டும். பழைய படத்தில் குழப்பம் வந்தால் முதலில் முகத்தைப் பாருங்கள். பானெட் நுனியில் பொன்னிற டிராகன் என்றால் டோங்ஃபெங். விரித்த விசிறி போன்ற கிரில் என்றால் ஹோங்ச்சி. அதன் பின்விளக்குகள் அரண்மனை லாந்தர் வடிவம், எனக்கு அதுதான் அழகு. டோங்ஃபெங்குக்கு நாலு சிலிண்டர் எஞ்சின், ஹோங்ச்சிக்கு எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8.

சரி, பெயர்? அங்கேதான் வம்பு. சீனச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யின் முறை வந்ததும் அதே 1958-இல்தான். அதற்கு முந்தைய முறையில் எழுதிய பழைய ஆங்கில ஏடுகளில் ‘துங்-ஃபெங்’, ‘ஹுங்-சி’ என்ற பாணியில் இருக்கும். வேறு கார் என்று ஏமாறக்கூடாது. பின்யினில் Hongqi என்று வரும்; அதன் ‘qi’-ஐ ‘ச்சி’ என்று படிக்காமல் ‘ஹோங்கி’ என்பவர்கள் பலர். பொருளைப் பிடித்துக்கொண்டால் மறக்காது: டோங்ஃபெங் கிழக்குக் காற்று, நம் கொண்டல்; ஹோங்ச்சி செங்கொடி.