டிவிடி வீடியோவா, எக்ஸ்விட் ஏவிஐயா: பழைய பிளேயருக்கு எது?

கல்யாண வீடியோ இப்போதெல்லாம் ஸ்டுடியோவிலிருந்து டவுன்லோட் லிங்க்காகத்தான் வருகிறது. இறக்கினால் 1920×1080 அளவில் ஒரு எம்பி4 ஃபைல். அதை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்து ஊரில் தாத்தா வீட்டு பிளேயரில் போட்டால், ஒன்று ஃபைலே பட்டியலில் வராது, இல்லை படமில்லாமல் நிற்கும். பெயரின் வாலை ஏவிஐ என்று மாற்றினாலும் கதை அதேதான். சாதாரண டிவிடி பிளேயரின் சிப்புக்கு எம்பெக்-1, எம்பெக்-2 என்ற பழைய வீடியோ சுருக்க முறைகள் தெரியும். முகப்பில் ‘டிவ்எக்ஸ்’ முத்திரை இருந்தால் எம்பெக்-4இன் பழைய வகையும் தெரியும். அந்த எம்பி4க்குள் இருக்கும் ஹெச்.264 என்ற புதிய முறை தெரியாது.

ஆக வழி இரண்டு: முறையான டிவிடி வீடியோவாக மாற்றுவது, அல்லது எக்ஸ்விட் ஏவிஐயாக (அந்தப் பழைய எம்பெக்-4 வகையில் சுருக்கிய ஃபைல்) மாற்றி டேட்டா டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ போடுவது. விசிடி என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. 352×288 படம், ஒரு சிடிக்கு 80 நிமிடம். வேறு எதையும் வாசிக்காத பிளேயர் என்றால் மட்டும் அதைத் தொடலாம்.

டிவிடி வீடியோவின் பலம், எந்த டிவிடி பிளேயரிலும் ஓடும் என்பது. விலை, அதன் கறாரான அளவுகள். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறைக்கு 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், எம்பெக்-2 வீடியோ, 48 கிலோஹெர்ட்ஸில் ஏசி3 ஆடியோ. டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளே ஃபைலை மாற்றி, மெனு வைத்து, டிஸ்க்கில் எழுதத் தயாரான ஐஎஸ்ஓ ஃபைல் வரை செய்துகொடுக்கும். பிட்ரேட்டை (ஒரு நொடிக்குச் செலவாகும் டேட்டா) மட்டும் அதன் போக்கில் விடாமல் நாமே கணக்குப் போடுவது நல்லது. டிஸ்க்கின் 4.7 ஜிபி என்பது (கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும்) 37,600 மெகாபிட். இரண்டரை மணி நேர வீடியோ 9,000 நொடி. வகுத்தால் நொடிக்குச் சுமார் 4,180 கிலோபிட். ஆடியோவுக்கு 192, மெனுவுக்கும் இதர செலவுக்கும் ஒரு 4 சதவீதம் போக, வீடியோவுக்கு 3,800 மிஞ்சும். இது போதுமான தரம்தான். ஆனால் ரிசப்ஷன் மேடையில் சீரியல் செட் மினுக்கும் இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கும். டூ-பாஸ் (வீடியோவை இரண்டு முறை ஓட்டி மாற்றுவது) வைத்தால் ஓரளவு தாங்கும். மூன்று மணி நேரம் தாண்டினால் அடம்பிடிக்காமல் இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். ஒரே டிஸ்க்தான் வேண்டுமென்றால் 352×576க்கு இறங்குங்கள். டிவிடி விதி அனுமதிக்கும் அளவுதான் அது, கட்டம் தெரிவதைவிடக் கொஞ்சம் மங்கல் மேல்.

அடுத்த தொல்லை உருவ விகிதம். 1920×800 சினிமாஸ்கோப் படத்தை 720×576 முழுக்க இழுத்து நிரப்பினால் எல்லோரும் ஒட்டடைக் குச்சி போல் நீண்டு தெரிவார்கள். 16:9 கொடியுடன் (பிளேயருக்கு விகிதத்தைச் சொல்லும் குறிப்பு), படத்தை 720×428 ஆக்கி மேலும் கீழும் 74 வரி கறுப்பு வைக்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள சினிமாவை 25 ஆக்கும்போது பல மென்பொருள்கள் நொடிக்கொரு ஃபிரேமை இரட்டிப்பாக்கும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது ஒரு சின்ன வெட்டு தெரியும். கல்யாண வீடியோ பெரும்பாலும் 25 அல்லது 50 என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

எக்ஸ்விட்டில் கணக்கே வேறு. இரண்டரை மணி நேரம் 1.4 ஜிபியில் அடங்கும். ஒரு டிஸ்க்கில் மூன்று போடலாம். பிளேயரும் டிவ்எக்ஸ் தெரிந்தது, பார்ப்பவரும் நாமே என்றால் இதுதான் என் தேர்வு. மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் மென்பொருளைத் தேடிப் போகாதீர்கள். அது ஏவிஐயை 2009லேயே கைவிட்டுவிட்டது. ஏவிடெமக்ஸ் போதும். சினிமாஸ்கோப்புக்கு 720×304, 16:9க்கு 720×400. பக்கம் இரண்டும் 16ஆல் வகுபட்டால் பழைய சிப் முரண்டு பிடிக்காது. அமைப்புகளில் க்யூபெல் (QPel), ஜிஎம்சி (GMC) இரண்டையும் கட்டாயம் அணையுங்கள். கம்ப்யூட்டரில் அழகாக ஓடிய ஃபைல் பிளேயரில் பாசிபடிந்த மாதிரி சிதறினால் அநேகமாகக் குற்றவாளி இவற்றில் ஒன்று. ஆடியோ எம்பி3, நிலையான 128 அல்லது 192. விபிஆர் (மாறும் பிட்ரேட்) வைத்தால் சில பிளேயர்களில் போகப்போக உதடு ஒருபக்கம், வசனம் ஒருபக்கம். ஃபைல் 2 ஜிபியைத் தாண்ட விடாதீர்கள்.

சப்டைட்டிலில்தான் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. ஏவிஐயோடு அதே பெயரில் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலை வைத்தால் ஆங்கிலம் வரும். தமிழ் எழுத்துரு பிளேயருக்குள் இருக்காது என்பதால் தமிழ் வரி கேள்விக்குறியாகவோ குப்பையாகவோ வரும். டிவிடி வீடியோவில் சப்டைட்டில் படமாகவே பதிவதால் தமிழும் காட்டும். ஆனால் மாற்றும் மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியாவிட்டால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். ஒரு நிமிடத் துண்டை மாற்றிப் பார்த்துவிட்டு முழுதையும் ஓட்டுங்கள். தப்பாக வந்தால் வரிகளைப் படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதிப்பதுதான் வழி. அப்படிச் செய்தால் எக்ஸ்விட்டிலும் தமிழ் வரும்.

டிஸ்க்கில் எழுத டிவிடி-ஆர் வாங்குங்கள், 4 அல்லது 8 மடங்கு வேகம் போதும், கடைசியில் ஃபைனலைஸ் செய்து டிஸ்க்கை மூட மறக்காதீர்கள். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகத் திருப்பும். தேய்ந்த லென்ஸ் ‘நோ டிஸ்க்’ என்றுவிடும். அதனால் தாத்தாவுக்கு அனுப்புவது டிவிடி-ஆரில், டிவிடி வீடியோவாக. பிளேயர் என்ன மாடல் என்று கேட்டு அவரைப் படுத்த வேண்டாம்.

பென் டிரைவ் என்றால் 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், ஃபேட்32இல் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் எல்லாம் பிளேயருக்குக் காலி டிரைவாகத் தெரியும். ஃபைல் பெயர் ஆங்கிலத்தில், சின்னதாக. பல பிளேயர்கள் பெயர் வரிசை பார்க்காமல் காப்பி ஆன வரிசையில் ஓட்டும்; முகூர்த்தத்துக்கு முன் ரிசப்ஷன் வரக்கூடாதென்றால் ஒவ்வொன்றாக, அந்த வரிசையிலேயே காப்பி செய்யுங்கள்.