14 மாதம் சாமந்தியோடு: தோளை நம்பிய பறவை கையை நம்பவில்லை

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி போன வாரம் கேட்டான். "அண்ணா, பாப்பாவுக்குப் பிறந்தநாள் வருது. உங்க வீட்ல இருக்கிற மாதிரி ஒரு காக்டெயில் கிளி வாங்கலாம்னு இருக்கேன். நல்லா பழகுதா?" அன்றைக்கு என் வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி போட்டிருந்தேன். கடித்தது அதே காக்டெயில்தான். கோபத்தில் எதையாவது சொல்லிவிடக் கூடாதே என்று "அப்புறம் சொல்றேன்" என்று நகர்ந்துவிட்டேன். ஒரு வாரம் ஆகிவிட்டது. கோபம் பாதி இறங்கியிருக்கிறது. மீதியோடுதான் எழுதுகிறேன்.

கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், என்ன தீனி, எத்தனை வருஷம் வாழும் என்பதெல்லாம் அவன் ஏற்கெனவே தேடிப் படித்துவிட்டான். நான் சொல்ல வேண்டியது அது பழகுவது பற்றி. அதிலும் கை பற்றி.

சாமந்தி எங்கள் வீட்டுக்கு வந்து 14 மாதம் ஆகிறது. லுட்டினோ வகை. உடம்பு வெண்ணெய் நிறம், தலை மஞ்சள், கன்னத்தில் குங்குமம் வைத்தது போல ஆரஞ்சு வட்டம். மகள்தான் பெயர் வைத்தாள். வாங்கும்போது இரண்டரை மாதக் குஞ்சு என்றார்கள். "கையில ஊட்டி வளர்த்தது சார், ஃபுல் டேம், நல்லா பழகினது" என்று கடைக்காரர் கூண்டுக்குள் கையை விட்டு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது அசையவே இல்லை. மகள் முதுகைத் தடவினாள். அப்போதும் அசையவில்லை. எவ்வளவு சாது என்று நினைத்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த நிமிடத்தை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அதன் தலைக் கொண்டை, ஊசி மாதிரி நேராக நின்றது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டிப் பறவை பாதியாகத் தெரிந்தது. கண்கூட இமைக்கவில்லை. அது பயத்தில் உறைந்து போன பறவை. இறக்கையில் நீண்ட இறகுகளைக் கத்தரித்து வைத்திருந்ததால் பறக்கவும் வழியில்லை. ஓட முடியாத உயிர் ஒடுங்கிக்கொள்கிறது, அதை "டேம்" என்று விற்கிறார்கள். உண்மையில் பழகிய குஞ்சு கையில் சும்மா இருக்காது. உடம்பை உதறிக்கொள்ளும். சட்டைப் பொத்தானைக் கடித்துப் பார்க்கும். ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாம் பார்க்கும்போதே இறகு கோதும். இதில் ஏதாவது ஒன்றைச் செய்கிறதா என்று கடையிலேயே கால் மணி நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அந்த உறைவு தெளிந்தது. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கையை விட்டதும் பாம்பு மாதிரி சீறி விரலைக் கவ்வியது. கடைக்கு போன் செய்தேன். "ரெண்டு நாள் தீனி வைக்காதீங்க சார், பசிச்சா தானா கைக்கு வரும்" என்றார்கள். சமையலறைத் தராசில் வைத்தால் 85 கிராம் காட்டும் பறவை அது. ஒன்றரைக் கோழிமுட்டை கனம். அதை இரண்டு நாள் பட்டினி போட்டால் கைக்கு வருவதற்கு முன்னால் செத்தே போகலாம். மனசு கேட்கவில்லை, பட்டினி போடவில்லை. யார் சொன்னாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்.

பிறகு நானாக ஒரு வழிக்கு வந்தேன். கூண்டை ஹாலின் மூலையில் இரண்டு பக்கமும் சுவர் இருக்கும்படி, என் கண் உயரத்துக்கு வைத்தேன். தினமும் காலை ஆறரைக்குப் பேப்பரோடு ஆறடி தள்ளி நாற்காலி போட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்காருவேன். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது பூனை செய்கிற வேலை, பறவைக்கு அது பிடிக்காது. தங்கம் விலை, புழல் ஏரி நீர்மட்டம் என்று செய்தியைச் சத்தம் போட்டுப் படிப்பேன். அது தீனி கொத்துவதை நிறுத்திவிட்டு என்னையே கவனித்தால் நான் அதிகம் நெருங்கிவிட்டேன் என்று பொருள், நாற்காலி பின்னால் போகும். அது பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருந்தால் மறுநாள் ஒரு சாண் முன்னால் வரும். அந்த ஆறடியைக் கடந்து கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு 19 நாள் ஆனது.

அடுத்தது தினைக் கதிர். கிண்ணத்தில் வழக்கமான தீனி எப்போதும் இருக்கும், ஆனால் தினைக் கதிர் மட்டும் என்னிடமிருந்துதான் கிடைக்கும். முதலில் கதிரின் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியைக் கம்பிக்குள் நீட்டினேன். அலகுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண். நாளாக நாளாகக் கதிரைக் குட்டையாகப் பிடித்தேன். நம் பக்கத்தில் தினைப்புனத்தைக் கிளியிடமிருந்து காப்பாற்றப் பரண் கட்டிப் பெண்களை உட்கார வைத்தார்கள். வள்ளி பார்த்த வேலையே அதுதான். ஆஸ்திரேலிய வம்சத்துப் பறவைக்கும் அதே தினை மேல் அதே ஆசை இருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். 40ஆம் நாள் வாக்கில் என் விரல் இடுக்கிலிருந்தே தினையை உருவிச் சாப்பிட்டது.

சரி, கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். வரவில்லை. தினை இருக்கும் கை வேறு, வெறும் கை வேறு அதற்கு. கதவைத் திறந்துவைத்தால் தானே வெளியே வந்து என் தோளுக்குத் தாவும். காது மடலை மெல்லும். மூக்குக் கண்ணாடியைக் கொத்தும். மதியத்தில் கழுத்தோரம் ஒதுங்கி, அலகை நறநறவென்று அரைத்துக்கொண்டே தூங்கிப்போகும். காக்டெயில் அலகு அரைத்தால் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதே தோளுக்கு நேராக விரலை உயர்த்திப் பாருங்கள், கொண்டை பின்னால் படியும், சீறல் கிளம்பும். அதன் கணக்கில் என் தலையும் தோளும் ஒரு ஆள், கை இரண்டும் வேறு யாரோ. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். தாயிடமிருந்து எடுத்தது, வாயைத் திறந்து ஊட்டியது, இறகை வெட்டியது எல்லாம் கைதானே.

எட்டு மாதம் இப்படியே போனது. தோளிலிருந்து கூண்டுக்கு அனுப்ப ஒரு மரக்குச்சியை வயிற்றுக்குக் கீழே நீட்டி "ஏறு" என்பேன், உடனே ஏறிக்கொள்ளும். குச்சியை நம்புகிறது, என் விரலை நம்பவில்லை. உண்மையாகவே மனசு வலிக்கும்.

அதை மாற்றியது அரிப்பு. ஏப்ரலில் முதல் முறையாக இறகு உதிர்த்தது. புது இறகு வெள்ளை உறைக்குள் சுருண்டு, ஊசி ஊசியாக முளைக்கும். உடம்பில் முளைப்பதன் உறையை அலகாலேயே உரித்துக்கொள்ளும். தலைக்கும் பிடரிக்கும் அலகு எட்டாது. காட்டில் ஜோடிப் பறவை கோதிவிடும். இவளுக்கு ஜோடி இல்லை. (ஆண், விசிலடிக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். வாலிறகின் அடியில் மஞ்சள் பட்டைகள் மறையாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் பெண் என்று தெரிந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.) கூண்டுக் கம்பியில் தலையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் நான் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது தோளிலிருந்து மேசைக்கு இறங்கி, தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த என் இடது கை அருகே வந்து நின்றாள். தலையைக் குனிந்தாள். நான் அசையவில்லை. அலகால் என் நகத்தை ஒரு முறை முட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். ஒரு விரலை மட்டும் தூக்கி ஒரு உறையை நகத்தால் நிமிண்டினேன். மாவாக உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

நாற்பது நிமிடம். சோறு ஆறிப்போனது. ஃபேன் போட வந்த என் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு, போடாமலே திரும்பிப் போனாள். இந்த 14 மாதத்தில் எனக்குக் கிடைத்ததில் பெரியது அந்த நாற்பது நிமிடம்தான். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் தலையைக் கொடுப்பாள். நானும் கற்றுக்கொண்டேன். முற்றி வெளுத்த உறையைத்தான் தொடலாம், அடியில் ரத்தம் ஓடும் பிஞ்சு இறகைத் தொட்டால் கீச்சென்று கத்துவாள். தலையும் கழுத்தும் மட்டும் போதும். பெண் பறவைக்கு முதுகைத் தடவினால் இணை சேரும் நினைப்பு வந்து, ஆண் இல்லாமலே முட்டை வைக்க ஆரம்பிக்கும், உடம்பு தளர்ந்துபோகும். இறக்கை இறகும் புதிதாக முளைத்தது. நான் வெட்டவில்லை. வெட்டச் சொன்னவர்கள் பலர்.

பறக்கிற பறவை இருக்கிற வீட்டில் ஃபேன் ஓடக் கூடாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவள் வெளியே இருக்கும் நேரம் முழுக்க, சென்னையில், மே மாதத்தில், ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது வயது. ஒட்டாத பூச்சுப் பூசிய தோசைக்கல் அதிகம் சூடேறினால் வருகிற புகை பறவையைக் கொன்றுவிடும், அதனால் பழைய இரும்புக்கல் பரணிலிருந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி இரண்டும் நின்றன. இறகிலிருந்து உதிரும் வெள்ளைப் பொடியைத் தினமும் துடைக்க வேண்டும், மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டுக்கு இந்தப் பறவையே வேண்டாம்.

இனி பிளாஸ்திரி விஷயம். காக்டெயிலுக்கு, முக்கியமாக லுட்டினோவுக்கு, இரவில் திடீர் பீதி வரும். இருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் எங்கே என்ன என்று தெரியாமல் கூண்டுக்குள்ளேயே இறக்கையை அடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் ஒரு சின்ன விடிவிளக்கு எரியவிடுவோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் ராத்திரி கரண்ட் போனது, அதே நேரத்தில் தெருவில் யாரோ தீபாவளிக்கு முந்தியே வெடி வைத்தார்கள். டார்ச்சோடு ஓடிப் பார்த்தால் கூண்டின் அடித்தட்டெல்லாம் ரத்தம். இறக்கையில் வளர்ந்துகொண்டிருந்த பிஞ்சு இறகு ஒன்று முறிந்திருந்தது. துண்டால் பிடித்து, சோளமாவை வைத்து அழுத்தினேன், ரத்தம் நின்றது. காலையில் பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு போனோம். எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். காலை, மாலை என்று ஐந்து நாள்.

ஐந்து நாளில் பத்து முறை. பத்து முறையும் துண்டால் மூடி, வலது கையால் தலையைப் பிடித்து, அலகோரம் சொட்டு விட்டேன். ஏழாவது முறை கட்டைவிரல் கிழிந்தது. இறக்கை ஆறிவிட்டது. ஆனால் இப்போது தலையைக் கொடுப்பதில்லை, அலகு அரைக்கும் சத்தமும் இல்லை. 14 மாதத்தில் சேர்த்ததைப் பத்து முறையில் தொலைத்தேன்.

இதில் என் தவறும் உண்டு. ஊசி இல்லாத சிரிஞ்சில் தினமும் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுத்துப் பழக்கியிருந்தால், மருந்தையும் அவளே வந்து குடித்திருப்பாள், பிடிக்கவே வேண்டியிருந்திருக்காது. மருத்துவர் இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எட்டு மாதம் விரலுக்கு ஏங்கிய நேரத்தில் இதைச் செய்திருக்கலாம். நீங்கள் குஞ்சு வைத்திருந்தால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. பிறந்தநாளுக்கு வாங்குகிற பொருள் இல்லை இது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருஷம் இருக்கும், உன் மகள் வேலைக்குப் போகும் வயது வரும். ஆறு வயதுக் குழந்தை முதல் நாளே கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படும். அந்த ஆசைக்கு ஏற்றபடி, உறைந்து போன குஞ்சு ஒன்றைத்தான் உன்னிடம் தருவார்கள். "அப்போ பச்சைக்கிளி வாங்கட்டுமாண்ணா?" என்றும் கேட்டிருந்தாய். அது இன்னும் மோசம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எத்தனை வீட்டு வாசலில் தொங்கினாலும் குற்றம்தான்.

இதையும் மீறி வாங்குவதாக இருந்தால் என்னிடம் சொல்லாமல் போகாதே. நானும் கடைக்கு வருகிறேன். எந்தக் குஞ்சு உறைந்து நிற்கிறது, எது உடம்பை உதறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். சிரிஞ்சும் நானே வாங்கித் தருகிறேன்.

இன்று காலை பேப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி நாற்காலி போட்டேன், மூன்றடி தள்ளி. சினிமாப் பக்கம் வரும்போது தோளுக்கு வந்தாள். இடது கையில் நீட்டிய தினையை ஒரு கதிர் முழுக்கச் சாப்பிட்டாள். வலது கையைப் பார்த்தால் இன்னும் சீறுகிறாள்.