வேவும் கண்காணிப்பும்: இணையத் தமிழ்ப் பேரகராதிக்கு ஒரு மதிப்புரை

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை, சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய அகராதித் தளத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. காரைக்குடியை அடுத்த கோட்டையூர் ரோஜா முத்தையா தேடித் தேடிச் சேர்த்த நூல்களை, அவர் மறைவுக்குப் பின் வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைக்க வழிசெய்ததும் அதே பல்கலைக்கழகம்தான் என்பதால், காரைக்குடிப் பக்கத்தாருக்கு அந்தப் பெயர் புதியதன்று.

அகராதியைச் சோதித்துப் பார்க்க எங்கள் தெருவே ஒரு சொல்லைத் தந்தது. ஒரு வீட்டு முகப்பில் மாட்டிய கேமரா எதிர்வீட்டுத் திண்ணையை நோக்கித் திரும்பியிருக்க, அதன் கீழே 'இவ்விடம் கண்காணிப்பில் உள்ளது' என்று பலகை தொங்குகிறது. எதிர்வீட்டு ஆச்சியோ, "இது என்ன கண்காணிப்பு தம்பி, வேவுல்ல பாக்குறாக!" என்கிறார்.

வேவு என்ற சொல்லின் வேர் 'வேய்'. பகைவரின் ஆநிரைகளைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளைச் சொல்லும் தொல்காப்பியம், நிரை கவரச் செல்வோர் பகைப்புலத்தார் உணராதபடி ஒற்றி அறிந்துவரும் செய்தியை 'புடைகெட ஒற்றின் ஆகிய வேயே' என்கிறது. ஆகவே பார்க்கப்படுபவர் அறியாமை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கண்காணி அப்படியன்று. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவரும், இலங்கைத் தோட்டங்களில் 'கங்காணி' எனத் திரிந்த பெயரோடு நின்றவரும் எல்லோர் கண்முன்னும் நின்று பார்த்தவர்கள். பலகை தொங்குவதால் கேமராக்காரர் இலக்கணப்படி தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பலகையைத் திண்ணையில் இருந்து படிக்க முடியாது என்பதால் என் தீர்ப்பு ஆச்சியின் பக்கமே.

1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து நிறைவு செய்த இந்த அகராதியின் பெருமை மேற்கோள்களில் இருக்கிறது. பொருளைச் சொல்லி நிறுத்திவிடாமல் அது வழங்கும் இலக்கிய இடத்தையும் காட்டுவதால், ஐயம் வந்தால் மூலத்தையே புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நூல்களின் பெயர்க் குறுக்கங்கள் பழகாதவர்களைத் திணறடிக்கும். பின்னிணைப்பும் 1939 இல் முடிந்துவிட்டதால், இன்றைய கருவிகளையொட்டி வந்த சொற்களை இதில் தேடிப் பயனில்லை.

சொற்பிறப்புக் குறிப்புகள் மிகச் சுருக்கமானவை. 'ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்' என்று, அதாவது ஓர் ஒற்றர் சொன்னதை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று, வள்ளுவர் ஒற்றாடலில் சொன்னது அகராதிக்கும் பொருந்தும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பு அதே தளத்தில் இருக்கிறது. தெலுங்கின் வேகு, கன்னடத்தின் பேஹு ஆகியவற்றோடு நம் வேவு ஒரே குடும்பமாக நிற்பதை அங்கே காணலாம். அதில் தமிழ்ச் சொற்களும் ரோமன் எழுத்திலேயே தரப்பட்டிருப்பதால், நெடிலுக்கு மேலே கோடிடும் முறையை முதலில் பழகிக்கொண்டு தேடுவது நல்லது.