செந்தூல் வார இறுதிச் சிலம்ப வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

செந்தூல் வட்டாரத்துச் சமூக மண்டபம் ஒன்றில் சனி, ஞாயிறு மாலைகளில் நடைபெறும் சிலம்ப வகுப்பில், தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளைச் சேர்த்துச் சில மாதங்கள் ஆகின்றன. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. பள்ளி, டியூஷன், அடுக்குமாடி வீடு என்று வளரும் கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே, வகுப்பு நேரத்தில் பிள்ளை உண்மையில் எவ்வளவு நேரம் அசைகிறது என்பதை வைத்தே எந்தப் பயிற்சியையும் நான் எடைபோடுகிறேன்.

முன்பு சேர்த்திருந்த ஒரு கால்பந்து வகுப்பில், நீண்ட வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒரு தடவை உதைத்துவிட்டு மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போவதே பெரும்பாலான நேரத்தை விழுங்கியது. இங்கே ஆளுக்கொரு பிரம்பு இருப்பதால் காத்திருக்கும் பேச்சே இல்லை. மாஸ்டர் எடுத்த எடுப்பில் கம்பைத் தருவதில்லை. மண்டபத்தைச் சுற்றி ஓடவிட்டு, முழங்காலைத் தாழ்த்தி முன்னும் பின்னும் காலடி வைக்கும் பயிற்சியை வியர்வை வழியும் வரை செய்ய வைத்த பிறகே சுற்றக் கற்றுத் தருகிறார். இடக்கையாலும் அதே வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. நான்காம் ஆண்டு முதல் பள்ளியில் நடத்தப்படும் செகாக் உடற்தகுதிச் சோதனையை மனத்தில் வைத்துப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள்.

கட்டணம் மாதம் 60 ரிங்கிட். பிரம்பைத் தனியே வாங்க வேண்டும்.

குறை ஒன்று உண்டு. கோயில் திருவிழாவோ போட்டியோ நெருங்கும் வாரங்களில், மூத்த மாணவர்களின் ஒத்திகைக்காகச் சிறியவர்களைச் சுவரோரம் உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த நாள்களில் கட்டிய பணம் வேடிக்கை பார்ப்பதற்கே போகிறது. மேலும், வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு மற்ற ஐந்து நாளுக்கும் ஈடாகாது. வீட்டுக் கூடத்தில் கம்பு சுற்றினால் முதலில் மின்விசிறிதான் கீழே வரும் என்பதால், காலடிப் பயிற்சியை மட்டும் நாள்தோறும் செய்யச் சொல்கிறார் மாஸ்டர். அதற்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.

முதல் மூன்று ஆண்டுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பணம் கட்டும் முன் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள்; திருவிழா இல்லாத வாரமாகப் பார்த்துப் போவது நல்லது.