முயலுக்கு உண்ணி மருந்து: ஊசியா, சொட்டு மருந்தா?

காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகக் கட்டியிருந்தால் காதுச் சிற்றுண்ணி. பிடரியில் பொடுகு உதிர்ந்து, அந்தப் பொடுகே நகர்வதுபோலத் தெரிந்தால் முடியில் வாழும் சிற்றுண்ணி. இரண்டுக்கும் ஐவர்மெக்டின் ஊசியும் கேட்கும், செலமெக்டின் சொட்டு மருந்தும் கேட்கும். ஆனால் வீட்டில் ஒன்றிரண்டு முயல் வளர்ப்பவர்களுக்குச் செலமெக்டின்தான் நல்லது.

காரணம் அளவு. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்துப் பண்ணைக் கடைகளில் மாட்டுக்கென்று விற்கும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் 1 மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. முயலுக்கு வேண்டியது கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். 2 கிலோ முயலுக்குக் கணக்குப் போட்டால் 0.04 முதல் 0.08 மில்லி வருகிறது. சாதாரண 2 மில்லி சிரிஞ்சில் அதை அளக்கவே முடியாது. புள்ளி ஓர் இடம் தள்ளினால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். முட்டைகளை இது கொல்லாது என்பதால் 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போட வேண்டும். மலிவுதான்; நிறைய முயல் வைத்திருந்து, மருத்துவரே ஊசி போடுவதானால் சரி.

செலமெக்டின் பிடரித் தோலில் விடும் சொட்டு மருந்து. ரெவல்யூஷன் என்ற பெயரில் வருகிறது. நாய், பூனைக் குட்டிகளுக்கான 15 மில்லிகிராம் டியூப், 1 முதல் 2.5 கிலோ முயலுக்குப் பொருந்தும். பெரிய நாய்க்கான டியூபைப் பங்கு போடாதீர்கள், அதன் செறிவு இரண்டு மடங்கு. இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி விடுவது வழக்கம். எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவே இறுதி. சொட்டு காயும்வரை கூட்டாளி முயலைப் பிரித்து வையுங்கள், நக்கிவிடும்.

தெள்ளுப்பூச்சி மட்டும் என்றால் இமிடாக்ளோபிரிட் போதும், சிற்றுண்ணிக்கு அது உதவாது. பெட்டியை உற்றுப் பாருங்கள்: இமிடாக்ளோபிரிட் மட்டும் உள்ள அட்வான்டேஜ் வேறு, பெர்மெத்ரின் கலந்த அட்வான்டிக்ஸ் வேறு. பின்னது நாய்க்கு மட்டும்.

ஃப்ரண்ட்லைனில் இருக்கும் ஃபிப்ரோனில் மருந்து வேண்டவே வேண்டாம். நாய்க்கு விட்ட ஃப்ரண்ட்லைன் மிச்சம் முயலுக்கு வலிப்பு வரவைத்து உயிரையே எடுக்கும்.

காதுப் பொருக்கைப் பிய்க்காதீர்கள். அடியில் தோல் ரணமாக இருக்கும், வலி தாங்காது. மருந்து வேலை செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே உதிரும். உதிர்ந்த பொருக்கில் உண்ணி மூன்று வாரம்வரை உயிரோடிருக்கலாம், ஆகவே வைக்கோலையும் படுக்கையையும் முழுதாக மாற்றி, கூண்டை வெந்நீரில் கழுவுங்கள்.

இந்தச் சொட்டுகளை நம்பி ஈயை மறந்துவிடக் கூடாது. டர்பனில் நவம்பர் முதல் மார்ச்வரை வெக்கையும் ஈரமும் சேர்ந்திருக்கும். சாணி ஒட்டிய பின்புறத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும், தோலைத் தின்றுகொண்டே உள்ளே போகும். காலை மாலை இருவேளையும் வாலடியைத் தூக்கிப் பாருங்கள். அழுக்கிருந்தால் அந்த இடத்தை மட்டும் துடைத்துக் காயவையுங்கள். புழுவைக் கண்டால் குளிப்பாட்டாமல் அப்போதே மருத்துவரிடம் ஓடுங்கள், மறுநாள்வரை பொறுக்காது.