கொல்லைக் குட்டை: வெறும் மண்ணா, பிளாஸ்டிக் விரிப்பா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் கொல்லையில் குட்டை வெட்டுபவர்கள், மண்ணை அப்படியே விடுவதா அடியில் விரிப்பு போடுவதா என்பதைப் பெரும்பாலும் ஜேசிபி வந்து நின்ற பிறகுதான் யோசிக்கிறார்கள். விலை விசாரிக்கும் முன்பே, மூன்றடி ஆழத்தில் என்ன மண் வருகிறது, ஐப்பசி அடைமழையில் நிலத்தடி நீர் எதுவரை ஏறுகிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

பாகூர்ப் பக்கத்து வயல்வெளிக் களிமண்ணுக்கு விரிப்பு வீண் செலவு. ஈரமண்ணைக் கயிறாக உருட்டி மோதிரம்போல் வளைத்தால் வெடிக்காமல் நிற்குமானால், தொளி மிதிப்பதுபோல் அடியைச் சேறாக்கி மிதித்தாலே நீர் தங்கும். ஆனால் கோடையில் முற்றிலும் காயவிட்டால் களி பாளம்பாளமாக வெடித்து, முதல் மழைநீரில் கணிசமான பங்கு அந்த வெடிப்புகளுக்குள் போய்விடும்.

தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மணலில்தான் போட்டி உண்மையில் கடுமையாகிறது. அங்கே விரிப்பில்லாத குட்டை நிலத்தடி நீரின் கண்ணாடிதான். கார்த்திகையில் கீழிருந்து ஊறி நிரம்பும், வைகாசியில் அடி தெரியும், சரிவைப் படுக்கையாக வெட்டாவிட்டால் கரையும் உள்ளே சரியும். ஆழமாக வெட்டி ஈடுகட்டலாம் என்று நினைத்தால், மேலே மிதக்கும் நல்ல நீரைத் தாண்டி உப்புநீரைத் தொட நேரும். விரிப்பு இந்தக் கவலைகளில் பலவற்றைத் தீர்க்கும் என்றாலும், பெருமழையில் வேறொரு வம்பு செய்யும். மணலில் மணிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை மட்டுமே நீர் நிரப்ப வேண்டியிருப்பதால், ஒரு சாண் மழைக்கு நிலத்தடி மட்டம் மூன்று சாணுக்கு மேலும் ஏறக்கூடும். விரிப்பின் மேல் நேராக விழும் மழையோ குட்டையில் ஒரு சாணைத்தான் கூட்டும். பாதி காலியாகக் கிடக்கும் குட்டையில் அந்த வித்தியாசம் விரிப்பை அடியிலிருந்து தூக்கி, நடுவில் கருந்திட்டாகப் புடைக்க வைத்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியதை நினைத்தால், இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது விளங்கும். ஆகவே விரிப்பு போட்டவர்கள் புரட்டாசி முடிவதற்குள் குட்டையை நிரப்பி வைப்பது நல்லது.

கேப்பர் மலைச் செம்மண்ணில் நிலத்தடி நீர் ஆழத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆண்டு முழுவதும் அல்லியும் மீனும் வேண்டுமென்றால் அங்கே 500 மைக்ரான் விரிப்பையே தேர்ந்தெடுப்பேன். மொட்டை மாடிக் குழாயையும் அதில் விட வேண்டும்: ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் கிடைக்கும். தென்னை மரத்தடியில் மட்டும் விரிப்பு வேண்டாம், விழுகிற ஒரு மட்டை போதும் அதைக் கிழிக்க.

சிமென்ட் தொட்டி உறுதியானதுதான், ஆனால் செலவுக்கு ஏற்ற பலன் இல்லை. வெயிலில் விரிசல் விடும், தவளை ஏறவும் சரிவு இருக்காது. எதை வெட்டினாலும் கொசுப்புழுவுக்குக் கப்பி மீனும், மிகைநீர் தெருவுக்குப் போக ஒரு வாய்க்காலும், குழந்தைகள் உள்ள வீட்டில் வேலியும் தேவை.